மொறிஸ் மைனர் பெற்றோல் தாங்கி: திரும்பப் பூட்டிய பின் வரும் கோளாறுகள்

தாங்கியைக் கழற்றி, உள்ளே கறள் எடுத்து, வெளியே கறுப்புப் பெயின்ற் அடித்துத் திரும்பப் பூட்டியாயிற்று. சாவியைத் திருப்பினால் பெற்றோல் பம் நிற்காமல் அடிக்கிறது. அல்லது நன்றாக வெளிக்கிட்ட கார் மூன்று மைலில் நின்றுவிடுகிறது. அல்லது இருபது லீற்றர் ஊற்றிய பிறகும் மீற்றர் முள் அசைய மறுக்கிறது. தாங்கியைக் கழற்ற முதல் பம்மும் காபரேற்றரும் மீற்றரும் ஒழுங்காக வேலை செய்தவை என்றால், அவற்றில் இப்போது கை வைக்காதீர்கள். கைபட்டது தாங்கியில். பிழையையும் முதலில் அங்கேதான் தேட வேண்டும்.

கீழே சொல்வது இரண்டு கதவு, நாலு கதவு மைனர்களுக்கு. ட்றவலர் என்ற எஸ்ரேற் வகையிலும் வானிலும் தாங்கி இருக்கும் விதம் கொஞ்சம் வேறு, காரணங்கள் அதே காரணங்கள்தான். 1948 முதல் 1971 வரை வந்த மைனர்களில் முந்தியவற்றின் தாங்கி 5 கலன், அதாவது 22.7 லீற்றர் கொள்ளும். பிந்தியவை 6½ கலன், 29.5 லீற்றர். டிக்கித் தரையில் உள்ள நாற்சதுரத் திறப்புக்குள் தாங்கி இறங்கி, சுற்றிவர உள்ள விளிம்பில் நிற்கும்.

தாங்கியைக் கழற்றும்போது நீங்கள் கலைத்தவை ஐந்தே இணைப்புகள்: அடியில் உள்ள வடிகால் போல்ற், பெற்றோலை இழுக்கும் குழாயின் நட், மிதவை யூனிற்றின் (பெற்றோல் மட்டத்தை மீற்றருக்குச் சொல்வது) கஸ்கெற், ஊற்றுவாயின் ரப்பர் ஹோஸ், தாங்கிக்கும் பொடிக்கும் இடையிலான ஏர்த் (மின்சாரம் பொடி வழியாகத் திரும்பும் பாதை). கடைசியாகச் சொன்னதை யாரும் இணைப்பாகக் கணக்கெடுப்பதில்லை. ஆகக் கூடுதலாகத் தலையிடி தருவது அதுதான்.

இன்னொரு விசயத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைனரில் பெற்றோலை இழுக்கும் எஸ்.யூ. என்ற வகை மின்பம் தாங்கிக்குப் பக்கத்தில் இல்லை. என்ஜின் அறையில், பின்சுவரில் இருக்கிறது. காரின் முழு நீளத்துக்கும் பெற்றோலை அது உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் பெற்றோல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். ஆகவே ஈரத்தைத் தேடி இந்த ஒழுக்கைக் கண்டுபிடிக்க முடியாது. காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலை தொடங்க முதல்

பற்றறியின் ஏர்த் வயரைக் கழற்றுங்கள். கீழே சாவியைத் திறக்கச் சொல்லும் சோதனைகளுக்கு மட்டும் அதைத் திரும்பப் பூட்ட வேண்டும். மைனரில் ஏர்த் என்பது பொசிற்றிவ் முனை. யாரும் இடையில் மாற்றியிருக்கலாம் என்பதால் வயரைக் கண்ணால் தொடர்ந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. தரையோடு ஊர்ந்து, பள்ளத்தில் தேங்கும். அதனால் கராஜின் குழிக்கு மேல் காரை நிறுத்தி இந்த வேலையைச் செய்யக்கூடாது. காற்றில் 1.4 சதவீதம் ஆவி கலந்தாலே தீப்பிடிக்கப் போதும். வெறும் தாங்கி நிறைந்த தாங்கியைவிட ஆபத்தானது என்பது இதனால்தான். கழுவி வெயிலில் ஒரு கிழமை காயவைத்த தாங்கியும் இதற்கு விலக்கல்ல. மடிப்புகளுக்குள் பெற்றோல் இருக்கும். ஈயம் ஒட்டுவதோ வெல்டிங்கோ தேவைப்பட்டால், தாங்கியை நீராவியால் சுத்தம் செய்து வேலை செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தண்ணீர் நிரப்பி வீட்டில் ஒட்டிப் பார்க்கிற வேலை வேண்டாம்.

பம் நிற்காமல் வேகமாக அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை

நல்ல எஸ்.யூ. பம் சாவி திறந்தவுடன் சில விநாடி கடகடவென்று அடிக்கும். காபரேற்றரின் மிதவைக் கிண்ணம் நிறைந்ததும் ஓயும். அதன்பின் என்ஜின் ஓடாதபோது அரை நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் அடிக்கக்கூடாது. காய்ந்த குழாய் நிறையக் கொஞ்ச நேரம் எடுக்கும்தான். ஆனாலும் ஒரு நிமிடம் தாண்டியும் அதே வேகத்தில் அடித்தால் அது பெற்றோலை இழுக்கவில்லை, காற்றை இழுக்கிறது.

சோதனையின்போது சாவியை நீண்ட நேரம் திறந்தபடி வைத்தால் பிளக்குக்குப் பொறி தரும் கொயில் சூடாகிக் கெடும். கொயிலிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றி முனையில் ரேப் சுற்றிவிடுங்கள். பிறகு எவ்வளவு நேரமும் பம்மின் சத்தத்தைக் கேட்கலாம்.

முதல் கேள்வி வெட்கத்துக்குரியது, ஆனாலும் கேட்க வேண்டும்: தாங்கிக்குள் எவ்வளவு இருக்கிறது? இழுக்கும் குழாயின் வாய் தாங்கியின் அடியைத் தொடுவதில்லை. கறள் தூள் ஏறாமல் இருக்கவே அந்த இடைவெளி. ஒரு போத்தல் பெற்றோலை ஊற்றிவிட்டுப் பம்மைக் குறை சொல்லிப் பயனில்லை. கீழே வேலை செய்வதற்காக ஜாக் வைத்துக் காரின் பின்பக்கத்தை உயர்த்தியிருந்தால் பெற்றோல் குழாய் வாயை விட்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். காரைச் சமதரையில் இறக்கி, 5 லீற்றர் ஊற்றி, மறுபடி பாருங்கள்.

அப்போதும் ஓயவில்லை என்றால் பிழை பம்முக்கு முன்னா பின்னா என்று பிரியுங்கள். பம்முக்கு வரும் குழாயைக் கழற்றி, அதன் இடத்தில் அரை மீற்றர் பெற்றோல் ஹோஸைப் பூட்டி, மறுமுனையை ஒரு போத்தல் பெற்றோலுக்குள் விடுங்கள். சாவியைத் திறந்ததும் பம் சில அடி அடித்து ஓய்ந்தால் பம் நலம். பிழை தாங்கிக்கும் பம்முக்கும் இடையில். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் புதுப் பம் வாங்குபவர்கள்தான் அதிகம்.

அடுத்து, ஹோஸை எடுத்துவிட்டுப் பழைய குழாயைப் பூட்டுங்கள். பம்மிலிருந்து காபரேற்றருக்குப் போகும் குழாயைக் காபரேற்றர் பக்கத்தில் கழற்றி, அதன் முனை ஒரு கண்ணாடிப் போத்தலில் உள்ள பெற்றோலுக்குள் மூழ்கியிருக்கும்படி பிடித்துப் பம்மை ஓடவிடுங்கள். முதல் சில குமிழ்கள் குழாயில் இருந்த காற்று. அதற்குப் பிறகும் குமிழ் வந்துகொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கம் எங்கோ காற்று ஏறுகிறது. குமிழ் இல்லை, ஆனால் ஒரு நிமிடத்தில் கால் லீற்றர்கூட வரவில்லை என்றால் அது காற்று அல்ல, அடைப்பு. அதற்கான விளக்கம் இன்னும் கொஞ்சம் கீழே.

காற்று ஏறும் இடம் அநேகமாக ஒன்றுதான்: தாங்கியில் உள்ள குழாயின் பித்தளை நட். நட்டுக்குள் அமரும் கூம்பு வடிவ முனை பழைய இடத்தில் நசுங்கிப் பழகியது. திரும்பப் பூட்டும்போது தாங்கி இரண்டு மில்லிமீற்றர் விலகி நின்றாலும் அந்த முனை நேராக உட்காராது. ஸ்பனரைப் போட்டு இன்னும் இறுக்குவது பலன் தராது, பித்தளைதான் கிழியும். நட்டைக் கழற்றி, குழாயைக் கையால் மெதுவாக நேர்ப்படுத்தி, நட் விரலாலேயே நாலைந்து சுற்று ஓடும்வரை சரிசெய்து, பிறகுதான் ஸ்பனரை எடுங்கள். முனையில் கீறல் இருந்தால் புது முனை போட வேண்டும். வெள்ளை பிளாஸ்ரிக் ரேப் சுற்றாதீர்கள். இவ்விடத்தில் ஒழுகாமல் பிடிப்பது கூம்பு, நட்டின் திருகுப் பள்ளம் அல்ல. ரேப்பின் துணுக்குகள் நேராகப் பம் வால்வுக்குப் போகும்.

நட் நன்றாக இருந்தும் காற்று ஏறினால் தாங்கியிலிருந்து முன்னுக்கு வரும் இரும்புக் குழாயைத் தேடுங்கள். கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் சேறு தேங்கி, கிளிப்புக்கு அடியில்தான் குழாய் கறள் தின்று ஓட்டையாகும். நடுவில் யாரும் ரப்பர் ஹோஸ் துண்டு போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். வெடித்த ஹோஸ் வெளியே சொட்டாமலேயே காற்றை உள்ளே விடும்.

பம் சத்தமே இல்லை

இது தாங்கியின் குற்றம் அல்ல, தாங்கி வெளியே இருந்த மாதங்களின் குற்றம். பம்முக்குள் மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் தொடுமுனைகளான பொயின்ற்ஸ் காற்றுப்பட்டு மங்கிப்போகும். வெள்ளை வயரில் 12 வோல்ற் வருகிறதா, பம்மின் ஏர்த் ஸ்குரூ இறுக்கமா என்று பாருங்கள். இரண்டும் சரியென்றால் பம்மின் உடம்பில் ஸ்குரூ டிறைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். உயிர் வந்தால் பொயின்ற்ஸைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அர்த்தம். மூடியைத் திறந்து, தடித்த கடதாசித் துண்டை இடையில் வைத்து இழுத்தாலே பல நேரம் போதும். புதிய இலத்திரனியல் வகைப் பம் போட்டிருந்தால் அது பொசிற்றிவ் ஏர்த்துக்கு உரியதா என்று முதலில் பாருங்கள். மாறிக் கொடுத்தால் திரும்பி வராது.

ஒன்றிரண்டு அடி அடித்துவிட்டு, மூச்சு வாங்குவதுபோல் மெதுவாக இழுத்து இழுத்து அடித்தால் பம் செத்ததல்ல. உறிஞ்ச முடியாமல் திணறுகிறது. அடுத்த பகுதியைப் பாருங்கள்.

வெளிக்கிடும்போது நல்லது, சில மைலில் நின்றுவிடுகிறது

பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் மறுபடி ஓடும். ஏற்றத்தில் சீக்கிரம் நிற்கும், மெதுவாக ஓட்டினால் கொஞ்சம் தாங்கும். இப்படி வந்தால் காரணம் இரண்டில் ஒன்று. இரண்டையும் பிரிக்க ஒரே ஒரு செயல் போதும். கார் நின்றவுடன், வேறு எதையும் தொடாமல், ஊற்றுவாய் மூடியைத் திறவுங்கள்.

உஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டால் மூடிதான் காரணம். மைனர் தாங்கி மூடியின் சிறு துளை வழியாக மூச்சு விடுகிறது. பெற்றோல் வெளியேற வெளியேற அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். கடையில் அளவு பொருந்துகிறதே என்று வாங்கிய புதிய மூடி, துளை இல்லாத வகையாக இருக்கலாம். பழைய மூடிக்கு அழகாகப் பெயின்ற் அடித்தபோது துளை அடைபட்டிருக்கலாம். மூடியை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டு ஐந்து மைல் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நிற்காவிட்டால் துளையைத் திறவுங்கள் அல்லது உரிய மூடியை வாங்குங்கள். துளையில்லாத மூடியில் தாங்களே ஆணி அடித்து ஓட்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வளைவில் பெற்றோல் பின் மட்காட்டில் வழிந்து பெயின்ற்றை உரிக்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

காற்று இழுபடவில்லை என்றால் உள்ளே அடைப்பு. இழுக்கும் குழாயின் வாயில் உள்ள வலையில் கறள் தூள் வந்து ஒட்டுகிறது. பம் நின்றதும் உறிஞ்சல் விடுபட்டு, தூள் கீழே உதிர்கிறது. அதனால்தான் பத்து நிமிடத்தில் கார் மறுபடி ஓடுகிறது. பம்மின் அடியில் உள்ள அறுகோணப் பித்தளை மூடியைக் கழற்றினால் அதற்குள்ளும் ஒரு வலை உண்டு. கபில நிறத் தூள் அங்கே இருந்தால் சந்தேகமே வேண்டாம். மூடியைத் திரும்பப் பூட்டும்போது வொஷரைப் புதிதாகப் போடுங்கள். அந்த இடமும் உறிஞ்சும் பக்கம்தான்.

தற்காலிகமாக, பம்முக்கு வரும் குழாயைக் கழற்றி, ஊற்றுவாய் மூடியைத் திறந்து வைத்து, ரயருக்குக் காற்றடிக்கும் கைப்பம்மால் தாங்கிப் பக்கமாக ஊதுங்கள். தாங்கிக்குள் குமிழ் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பம்மோடு சேர்த்து ஊதாதீர்கள், அதன் வால்வுகள் பழுதாகும். ஊதியபின் இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றால் தாங்கியைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கறள் எடுத்த வேலை பாதியில் நின்றிருக்கிறது.

அதை முழுமையாகச் செய்வது இப்படி. மிதவை யூனிற்றையும் இழுக்கும் குழாயையும் எடுத்துவிட்டு, தாங்கிக்குள் ஒரு மீற்றர் நீளச் சங்கிலியைப் போட்டு ஆட்டுங்கள். சிலர் ஒரு கை நிறைய நட்டுகளைப் போடுவார்கள். அப்படியானால் எண்ணிப் போட்டு எண்ணி எடுங்கள். சங்கிலி என்றால் எண்ணத் தேவையில்லை. பிறகு லீற்றருக்கு 50 முதல் 100 கிராம் வரை சிற்றிக் அமிலம் கரைத்த தண்ணீரால் விளிம்புவரை நிரப்பி ஒரு நாள் விடுங்கள். பெரிய தாங்கிக்கு ஒன்றரை முதல் மூன்று கிலோ வரை வேண்டும். வினாகிரியும் வேலை செய்யும், ஆனால் முப்பது லீற்றர் தென்னம் வினாகிரி சமையலுக்குப் போவதே நல்லது. அமிலத் தண்ணீரை வெளியே ஊற்றிய பின் அப்பச்சோடாக் கரைசலால் அலசி, தண்ணீரால் கழுவி, உடனே ஸ்பிரிற் அரை லீற்றர் ஊற்றிச் சுழற்றி வெளியேற்றி, நிழலில் காற்றோட்டமாகக் காயவிடுங்கள். இந்தக் கடைசிக் கட்டத்தில் அரை நாள் தாமதித்தால் உள்ளே புதிய மஞ்சள் கறள் படிந்துவிடும்.

யாழ்ப்பாணத்துக் கார்களுக்கு ஒரு சொல். 90களில் பொருளாதாரத் தடைக் காலத்தில் சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இவை. தாங்கிக்குள் அந்த நாட்களில் என்னென்ன போனது என்று சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட தாங்கியில் அமிலம் ஊற்ற முதல் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பிறகு சவர்க்காரத் தூளும் சுடுதண்ணீரும் விட்டு, பிசுக்கு முழுவதும் போகும்வரை அலசுங்கள். எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் உள்ள கறளை அமிலம் தொடாது.

உட்பூச்சு மருந்து பூசுவது பற்றிக் கேட்பார்கள். ஓட்டை இல்லாத, கறள் நீங்கிய தாங்கிக்கு அது தேவையில்லை. சரியாகக் காயாத உலோகத்தில் பூசிய பூச்சு பின்னர் தோலாக உரிந்து வலையை மூடும். தமிழ்நாட்டில் மைனர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் பெற்றோலில் 20 சதவீதம் வரை எதனோல் கலந்திருக்கிறது. எதனோலைத் தாங்கும் என்று டப்பாவில் எழுதாத பூச்சையும் ஹோஸையும் வாங்க வேண்டாம்.

பெற்றோல் மீற்றர் முள் பொய் சொல்கிறது

தாங்கிக்குப் பெயின்ற் அடித்தீர்கள். விளிம்புக்கும் டிக்கித் தரைக்கும் இடையில் புதிய ரப்பர்ப் பட்டி போட்டீர்கள். போல்ற்றுகளுக்கும் பெயின்ற். இப்போது தாங்கி பொடியிலிருந்து மின்சாரரீதியாகத் தனியாக நிற்கிறது. மிதவை யூனிற்றுக்கு வரும் வயர் ஒன்றே ஒன்று, பச்சையில் கறுப்புக் கோடு போட்டது. திரும்பும் பாதை தாங்கியின் உடம்பு வழியாக. அந்தப் பாதைதான் உங்கள் பெயின்ற்றில் அறுந்துபோனது.

சாவியை மூடிவிட்டு, ஒரு வயரின் ஒரு முனையை மிதவை யூனிற்றின் உலோக உடம்பிலும் மறுமுனையை டிக்கியில் சுரண்டிய வெறும் உலோகத்திலும் கிளிப்பால் கவ்வவிடுங்கள். பிறகுதான் சாவியைத் திறக்க வேண்டும். திறந்த சாவியோடு தாங்கிக்குப் பக்கத்தில் வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது பொறி பறக்கவிடும் வேலை. முள் சரியான இடத்துக்கு வந்தால் அந்த வயரையே நிரந்தரமாக்குங்கள். யூனிற்றின் ஒரு ஸ்குரூவுக்கு அடியில் ஒரு முனை, பொடியில் ஒரு முனை. பெயின்ற்றைச் சுரண்டி ஏர்த் எடுப்பதைவிட இது மேல், ஏனென்றால் சுரண்டிய இடம் மறு மழையில் கறள் பிடிக்கும்.

ஏர்த் சரியாக இருந்தும் முள் பொய் சொன்னால், உங்கள் மீற்றர் எந்த வகை என்று தெரிய வேண்டும். சாவி திறந்ததும் முள் துள்ளி எழும்பினால், வளைவில் பெற்றோலோடு சேர்ந்து ஆடினால், அது பழைய சுருள் வகை. அரை நிமிடம் எடுத்து ஆறுதலாக எழும்பினால் அது ஈருலோக வகை. இரண்டும் எதிரெதிராக வேலை செய்கின்றன. பழைய வகையில் யூனிற்றின் வயரைக் கழற்றினால் முள் நிறைவுக்குப் போகும், வயரை ஏர்த் செய்தால் வெறுமைக்கு வரும். ஈருலோக வகையில் கழற்றினால் வெறுமை, ஏர்த் செய்தால் நிறைவு. வயரை மாற்றுவது சாவியை மூடிவிட்டுத்தான். ஏர்த்தை ஓரிரு விநாடிக்கு மேல் வைக்க வேண்டாம், ஈருலோக வகையில் முள் அந்தப் பக்கம் நகரத் தொடங்கினாலே போதும். இந்த இரண்டு நிலையிலும் முள் சொன்னபடி நடந்தால் மீற்றரும் வயரும் நலம், பிழை யூனிற்றில்.

தாங்கி நிறைய நிறைய முள் கீழே இறங்கினால் சிரிக்க வேண்டாம், யூனிற் மாறிப்போய்விட்டது. பழைய வகைக்குரிய யூனிற் வெறுமையில் பூச்சியத்துக்குக் கிட்டவும் நிறைவில் ஏறத்தாழ 80 ஓமும் காட்டும். பிந்தியது வெறுமையில் 240 ஓம் அளவு, நிறைவில் 30க்குக் கீழே. ஸ்குரூத் துளைகள் பொருந்துகின்றன என்பதற்காக வாங்காமல், மல்ரிமீற்றரைக் கொண்டுபோய் மிதவைக் கையை மேலும் கீழும் அசைத்துப் பார்த்து வாங்குங்கள்.

பாதிக்கு மேல் முள் எழும்பாவிட்டால் மிதவைக் கை உள்ளே எதிலோ முட்டுகிறது. யூனிற்றைத் தவறான கோணத்தில் சுழற்றிப் பூட்டியிருப்பீர்கள். எப்போதும் வெறுமை என்றால் பித்தளை மிதவை ஓட்டையாகிப் பெற்றோல் குடித்திருக்கும். வெளியே எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர்போல் சத்தம் கேட்கும்.

ஒன்றும் ஈரமில்லை, ஆனால் காருக்குள் பெற்றோல் வாசம்

மிதவை யூனிற்றின் கஸ்கெற். டிக்கியும் பயணிகள் அறையும் பின் இருக்கையின் அட்டையால்தான் பிரிந்திருக்கின்றன, ஆவிக்கு அது தடையே அல்ல. பழைய கோர்க் கஸ்கெற்றைத் திரும்பப் போட்டிருந்தால் அதுவே காரணம். காய்ந்து சுருங்கிய புதிய கோர்க்கையும் அப்படியே போடாமல், அரை மணி தண்ணீரில் ஊறவைத்து, அளவுக்கு விரிந்த பின் துடைத்துப் பூட்டுங்கள். கிடைக்காவிட்டால் 3 மில்லிமீற்றர் நைற்ரைல் கோர்க் தாளில் வெட்டலாம். மைனரின் தகட்டுப் பாகங்களை இலங்கையிலேயே செய்து பிரித்தானியாவுக்கு அனுப்பிய காலம் இருந்தது. ஒரு கஸ்கெற் வெட்டுவது அதைவிடப் பெரிய வேலையல்ல.

சிலிக்கன் பசை வேண்டாம். பெற்றோலில் அது ஊதி, புழுப்புழுவாகப் பிரிந்து வலைக்குப் போகும். ஸ்குரூத் துளைகள் தாங்கிக்குள் ஊடுருவியிருந்தால் ஒவ்வொரு ஸ்குரூத் தலைக்கு அடியிலும் பைபர் வொஷர் வேண்டும். இல்லாவிட்டால், கஸ்கெற் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஸ்குரூவின் திருகுப் பள்ளத்தின் வழியே ஆவி ஏறும். ஸ்குரூக்களை எதிரெதிராக, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கோர்க் பக்கவாட்டில் பிதுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள்.

தாங்கி நிறைத்தால் மட்டும் ஒழுகுகிறது

அரைத் தாங்கிக்குக் கீழே ஒன்றுமில்லை, நிறைத்துக்கொண்டு வளைவில் திரும்பினால் டிக்கியில் ஈரம். ஊற்றுவாய் ஹோஸ்தான். றேடியேற்றர் ஹோஸ் துண்டு அளவில் சரியாகப் பொருந்தும், பார்வைக்கும் ஒன்றுபோல் இருக்கும். ஆனால் அந்த ரப்பர் தண்ணீருக்குரியது. பெற்றோலில் சில கிழமையில் ஊறி வீங்கி, கிளிப்பை விட்டு நழுவும். பெற்றோலுக்கு என்று எழுதப்பட்ட ஹோஸ் மட்டும் போடுங்கள். இரண்டு பக்கமும் 25 மில்லிமீற்றராவது ஏறியிருக்க வேண்டும். கிளிப்பின் ஸ்குரூத் தலை கை எட்டும் பக்கம் இருக்கட்டும். ஆறு மாதத்தில் ஒரு தடவை மறுபடி இறுக்க வேண்டிவரும்.

தாங்கியின் அடியில் ஈரம்

அடிப்பகுதியைத் துடைத்துக் காயவைத்து, முகப்பவுடர் தூவி, ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள். பவுடர் எங்கே நனைந்து நிறம் மாறுகிறதோ அங்கே ஒழுக்கு. வடிகால் போல்ற்றைச் சுற்றி என்றால் புதிய பைபர் வொஷர். போல்ற்றை முழுப் பலத்தோடு இறுக்காதீர்கள். அது ஏறும் திருகுப் பள்ளம் மெல்லிய தகட்டில் ஒட்டப்பட்ட ஒரு சின்னத் துண்டு, போல்ற்றோடு சேர்ந்து அதுவும் சுழன்றால் வேலை பத்து மடங்காகும். விளிம்பை ஒட்டி நனைந்தால் தகடு தின்றுபோயிருக்கிறது. ரப்பர்ப் பட்டி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் இடம் அது. சவர்க்காரம் அப்புவது, பிசின் பூசுவது எல்லாம் வீடுவரை ஓட்டிச்செல்ல மட்டும்.

காபரேற்றர் வழிகிறது

தாங்கியைப் பூட்டிய முதல் கிழமையில் இது வந்தால் கறள் துகள் ஒன்று வலைகளையெல்லாம் தாண்டி மிதவைக் கிண்ணத்தின் ஊசி வால்வில் உட்கார்ந்திருக்கிறது. பம் நிற்காமல் அடிக்கும், ஆனால் இந்தத் தடவை வேகமாக அல்ல, சீராக ஆறுதலாக. கிண்ணத்தைத் திறந்து ஊசியைத் துடைத்தால் சரி. பம்மின் வலையை 50 கிலோமீற்றரிலும் 200 கிலோமீற்றரிலும் கழற்றிப் பாருங்கள். தெரியும் கண்ணாடி வடிகட்டி ஒன்றை உறிஞ்சும் பக்கம் போடுவது முதல் மாதத்துக்கு நல்ல யோசனை. அதற்குப் பிறகு எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு புதிய இணைப்பும் காற்று ஏற ஒரு புதிய வழி.

மழைக்குப் பின் டிக்கியில் தண்ணீர், தூசி

விளிம்பின் ரப்பர்ப் பட்டி ஒரு மூலையில் இடைவெளி விட்டிருக்கிறது. பட்டியின் இரு முனைகளும் மூலையில் சந்திக்காமல் ஒரு நேர்ப் பக்கத்தின் நடுவில் சந்திக்க வேண்டும். பின் ரயர் எறியும் தண்ணீர் மட்டுமல்ல, சைலன்சர் புகையும் அதே வழியாகத்தான் உள்ளே வரும். ஆகவே இதைச் சின்ன விசயமாக விட வேண்டாம்.

தாங்கியைத் திரும்பக் கழற்றிப் பூட்டுவதென்றால்

இந்தத் தடவை, டிக்கிக்குள் இறக்க முதல் தாங்கியைக் காற்றால் சோதியுங்கள். எல்லா வாய்களையும் அடைத்து, ஒரு மெல்லிய ஹோஸ் வழியாக வாயாலோ கைப்பம்மின் ஒரு அடியாலோ மிக மெதுவாகக் காற்று விட்டு, சவர்க்கார நுரையை மடிப்புகளில் பூசுங்கள். வாயால் ஊதுவது கழுவி முழுதாகக் காய்ந்த தாங்கிக்கு மட்டும். கொம்பிறசர் வேண்டவே வேண்டாம். 40 × 50 சென்ரிமீற்றர் தட்டையான தகட்டில் வெறும் 5 பி.எஸ்.ஐ. அழுத்தம் ஏறத்தாழ 700 கிலோ பாரமாக வேலை செய்யும். தாங்கி தலையணைபோல் ஊதிவிடும்.

மிதவை யூனிற்றை வெளியிலேயே வைத்து, வயரையும் ஏர்த்தையும் கொடுத்து, கையை மேலும் கீழும் அசைத்து மீற்றர் முள்ளைப் பார்த்துவிட்டுத் தாங்கியில் பூட்டுங்கள். ஏர்த் வயரையும் அப்போதே போடுங்கள். பட்டியை ஒட்டித் தாங்கியை இறக்கியதும் எல்லாப் போல்ற்றுகளையும் விரலால் மட்டும் பிடிக்கவிட்டு, குழாய் நட்டைத் தொடுங்கள். நட் நாலு சுற்று விரலால் ஓடிய பிறகு ஊற்றுவாய் ஹோஸ். அதன் பிறகுதான் விளிம்புப் போல்ற்றுகளை மூலைக்கு மூலை இறுக்க வேண்டும். முதலில் விளிம்பை இறுக்கிவிட்டுப் பிறகு குழாயை இழுத்து வளைத்துப் பொருத்தியதுதான் பெரும்பாலும் மேலே சொன்ன முதல் அறிகுறியின் பிறப்பிடம்.

ஸ்பெயர் ரயரை வைத்து டிக்கிப் பலகையை மூட முதல், ரயர் மிதவை யூனிற்றின் வயர் முனையில் அழுத்தவில்லை என்று பாருங்கள். பிறகு 5 லீற்றர் ஊற்றி அடியில் பவுடர் சோதனை, இன்னும் 5 லீற்றர், மறுபடி பவுடர். ஒவ்வொரு 5 லீற்றருக்கும் முள் நிற்கும் இடத்தை ஒரு கடதாசியில் குறித்து மீற்றருக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். மைனரின் முள் சொல்லும் காலும் உண்மையான காலும் ஒன்றல்ல. விளிம்புவரை நிறைத்துப் பார்ப்பது கடைசியில், கார் வீட்டு முற்றத்தில் நிற்கும்போது.